தறி வகையில் வரவு



மலருக்காக ஆளுக்கு ஒரு விஷயம் எழுதித் தாங்க என்று கூட்டத்தில் கேட்டபோது, பல பேர் கடன் எடுத்து மாடு வாங்கியதையும் தையல் மெஷின் போட்டதையும் பிள்ளையைப் படிக்க வைத்ததையும் எழுதுவதாகச் சொன்னார்கள். அதெல்லாம் கட்டாயம் வரணும். நான் எங்க குடும்பத்து நிலத்தின் கதையை எழுதுகிறேன். பெரிய மிராசு குடும்பம் ஒண்ணும் இல்லை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் போகிற வழியில், ஏரித் தண்ணியை நம்பிப் பயிர் வைக்கிற குடும்பம். மொத்த நிலம் ஒன்றரைக் காணி. நம்ம பக்கத்துக் கணக்கில் நூறு குழி ஒரு காணி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட். ஆக எங்களுடையது 2 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த நிலத்துக்கான காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2021-இல் நிலத்தை விற்கலாம் என்று பேச்சு வந்தபோது, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்கிற வேலை என்னிடம் வந்தது. குழுவில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் "நீயே பாரும்மா" என்று கொடுத்துவிட்டார்கள். கிரயப் பத்திரம், போக்கியப் பத்திரம், வரி ரசீது எல்லாம் சேர்த்துப் பதினோரு காகிதம். வாங்கியவர், விற்றவர், சாட்சி, எழுதியவர் என்று எண்ணினால் முப்பத்தேழு பெயர். முப்பத்தேழும் ஆண்கள். எங்க ஆயா, கொள்ளுப்பாட்டி, அத்தை யாருமே அந்த நிலத்தில் கால் வைக்காத மாதிரி இருந்தது. நாற்று நட்டது யாரு, களை எடுத்தது யாரு என்று அந்தக் காகிதத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அதற்கு அப்புறம்தான் எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. பழைய எழுத்துகளில் நம்மைப் போன்ற குடும்பங்களை யார், எதற்காக எழுதி வைத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம்ம ஊர்ப் பக்கம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. உத்திரமேரூர்ச் சபை மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் வெட்டியவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்தார்கள். இன்றைக்கு வார்டு என்கிறோமே, அதற்கு அன்றைக்குக் 'குடும்பு' என்று பேர். ஏரியைப் பார்க்கத் தனியாக ஏரி வாரியம் இருந்தது. அதில் உட்காரணும் என்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்கணும், வேதம் படித்திருக்கணும். ஆக உழுகிறவருக்கும் இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய பெரியம்மா சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மச்சான், மருமகன் என்று உறவு முறையெல்லாம் வரிசையாக எழுதி, இவர்களும் கூடாது என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கிற குழுக்கள் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

காஞ்சிபுரத்திலேயே கைலாசநாதர் கோயில் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள் நிற்கின்றன. அதில் ஒன்றைக் கட்டியது ரங்கபதாகை என்கிற பல்லவ ராணி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பெண் பெயர், கல்லில் இன்னும் இருக்கிறது. ராணி என்பதால் இருக்கிறது.

உழவர் வீடுகளைக் கணக்கெடுத்தது ரொம்பப் பிற்காலம். 1763-இல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பிறகு செங்கல்பட்டு மாவட்டம் என்று ஆனது இதுதான். எவ்வளவு வருமானம் வரும் என்று தெரிந்துகொள்ள, தாமஸ் பர்னார்ட் என்கிற கம்பெனிப் பொறியாளர் 1767 முதல் 1774 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைமார் ஓலையில் எழுதி வைத்திருந்த விவரத்தைத்தான் அவரும் வாங்கி எழுதினார். எத்தனை வீடு, எந்தெந்தத் தொழில், எத்தனை ஏரி, எத்தனை தோப்பு, நெல் எவ்வளவு விளையும், களத்துமேட்டில் அளக்கும்போது யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான், கோயில் என்று பொலியிலிருந்து பங்கு பிரியும். நெல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பாதி ஊர் சாப்பிட்டுவிடும் என்று எங்க தாத்தா சொல்லுவார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கணக்கு எழுதி முடித்துக் கொஞ்ச வருஷத்திலேயே நாடு சின்னாபின்னமானது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் ஐதர் அலி, திப்பு படைகளுக்கும் கம்பெனிப் படைக்கும் பெரிய சண்டை. கம்பெனி தோற்றது. சண்டையில் யார் ஜெயித்தாலும் பயிர்க்குடிக்கு நஷ்டம்தான். சனங்கள் ஊரை விட்டுப் போனார்கள், ஏரி உடைந்தால் கட்ட ஆளில்லை. நம்ம பக்கம் பல குடும்பங்களில் "நாங்க வேற ஊர்லருந்து வந்தவங்க" என்று ஒரு பேச்சு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? எங்க வீட்டிலும் உண்டு. எங்கள் முன்னோர் மிராசு இல்லை. மிராசுதாரர் நிலத்தைப் பயிரிட்டு வாரம் கொடுத்த பாயக்காரிகள். ஊரிலேயே குடியிருந்து பயிரிட்டால் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து பயிரிட்டால் பரக்குடி என்று அதிலும் இரண்டு வகை. எங்களைப் பரக்குடியாக வந்து உள்குடியாக நின்றவர்கள் என்று பெரியவங்க சொல்லுவாங்க.

எங்களுக்கும் கீழே படியாள் குடும்பங்கள் இருந்தன. இதை எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது. மிராசுதாரர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அந்த நிலைமையை விவரமாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். அதன் பேரில் 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவானது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று சொல்வது அதைத்தான். பத்து வருஷம் வரை யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறணும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் எவ்வளவு இன்றைக்கு வேறு கைகளில் இருக்கிறது என்பது நம் கூட்டமைப்பில் பல சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்க தகரப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியே இல்லாத வீடுகள் அவை. அந்தக் கதையை அவங்களே எழுதணும். அடுத்த மலரில் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவே தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. மெட்ராஸ் பட்டணத்தில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டினார்கள். எங்க கொள்ளுத்தாத்தாவின் பெரியப்பா அந்தப் பஞ்சத்தில் பட்டணம் போய் அங்கிருந்து கப்பலேறினார், திரும்பி வரவில்லை. மாசி மாசம் குலதெய்வத்துக்குப் படைக்கும்போது அவருக்கும் ஒரு இலை போடுவோம்.

கப்பலேறியவர்களைப் பற்றிப் படித்தபோதுதான் ஒரு ஆச்சரியம் கிடைத்தது. மெட்ராஸிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் 1860-இல் போனது. 'ட்ரூரோ' என்று பேர், நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1911 வரை இந்தியாவிலிருந்து மொத்தம் 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் அதில் நிறைய. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் பதிந்தார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது போகணும் என்று சட்டம் இருந்ததால் பெண்கள் பேரும் அப்படியே பதிவானது. இன்றைக்கும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து நம்ம ஊர்களைத் தேடி வருகிறார்கள். யோசித்துப் பாருங்க. சொந்த ஊரில் நிலத்துக்குப் பக்கத்தில் எந்தப் பெண்ணின் பேரையும் எழுதவில்லை. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனபோது தகப்பன் பேரோடு, ஊர்ப் பேரோடு எழுதிக்கொண்டார்கள். வேலை வாங்கணும், அதனால் எழுதினார்கள். அதற்கு மேல் நாம் சந்தோஷப்பட அதில் ஒண்ணுமில்லை.

எங்க பெட்டியிலேயே பழைய காகிதம் 1923-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். கொள்ளுத்தாத்தா ஒன்றரைக் காணியை வாங்கியது அதில் இருக்கிறது. நான்கு எல்லையும் அழகாக எழுதியிருக்கும், ஏரிக்கால் எந்தப் பக்கம், யார் நிலம் எந்தப் பக்கம், மடையிலிருந்து எத்தனையாவது வாய்க்கால் என்று. பணம் எங்கிருந்து வந்தது என்பது பத்திரத்தில் இருக்காது. கொள்ளுப்பாட்டி பிறந்த வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த காசுமாலையும் காதுத் தண்டட்டியும் போனது என்று எங்க ஆயா சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் கொள்ளுப்பாட்டி கடைசி வரைக்கும் காதில் ஈர்க்குச்சிதான் போட்டிருந்தாராம்.

இனி எங்க பெரிய அத்தைக்கு வருகிறேன். அப்பாவுக்கு அக்கா. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள், அத்தை, எங்க அப்பா, சித்தப்பா.

1957-இல் தாத்தா கிணறு வெட்டினார். ஏரி சரியாக நிரம்பாத வருஷங்களில் நவரையும் சொர்ணவாரியும் எடுக்கக் கிணறு இல்லாமல் முடியாது. பாதி ஆழத்தில் பாறை வந்துவிட்டது. வெடி வைத்து உடைக்கிற செலவுக்கு, மடை ஓரத்து ஐம்பது குழியை நானூறு ரூபாய்க்குப் போக்கியம் வைத்தார். போக்கியம் என்றால் தெரியும்தானே? பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரை நிலத்தின் விளைச்சல் அவர்களுக்கு. நல்ல நிலம் அதுதான். அது போனதும் மிச்சத்தில் வயிறு நிறையவில்லை.

1960-இல் போக்கியத்தை மீட்டார். பத்திரத்தின் பின்புறம் தொகை முழுதும் வரவாகிவிட்டது என்று எழுதி, கையெழுத்தும் சாட்சியும் இருக்கிறது. அந்த நானூறு எப்படி வந்தது? தாத்தா ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் வரவு செலவு எழுதுவார். அதில் அந்த மாசத்தில் இரண்டு வரவு. கிடேரி விற்றது 150. அடுத்த வரி, "தறி வகையில் வரவு 250".

எங்க வீட்டில் யாரும் நெய்கிறவர்கள் இல்லை. தறி ஏது?

பன்னிரண்டு வயசில் அத்தையைக் காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில் விட்டு, அவங்க மேல் வாங்கிய முன்பணம்தான் அந்த 250. பட்டுச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வரணும் என்றால் கோர்வை போடணும். குழித்தறியில் நெசவாளி ஒருவர் உட்கார, ஒரு பக்கத்துக் கரைக்கு நாடாவைத் தள்ளிக் கோர்த்துக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேணும். அந்த வேலைக்குச் சின்ன விரல்களைத்தான் தேடுவார்கள். பெங்களூர்ப் பக்கத்துப் பட்டு, சூரத்து ஜரிகை, நம்ம ஊர்ப் பிள்ளைகளின் விரல் என்று மூன்றும் சேர்ந்துதான் காஞ்சிபுரம் பட்டு ரொம்ப காலம் ஓடியது. முன்பணம் கழியும் வரை வேலையை விட்டுப் போக முடியாது. கூலியிலிருந்து கழிப்பார்கள், பொங்கலுக்கும் காய்ச்சலுக்கும் மறுபடி கொஞ்சம் வாங்குவார்கள், கணக்கு முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல்தான் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல். அத்தைக்கு இரண்டும் லேட்.

எட்டு வருஷம். பொழுது விடிந்து விளக்கு வைக்கிற வரைக்கும் குழியில் உட்கார்ந்திருந்த கதையை அத்தை சாதாரணமாகச் சொல்லுவாங்க. "மழைக்காலத்துல குழிக்குள்ள தண்ணி ஊறும்டி, கால ரெண்டும் வெளுத்துப் போயி கெடக்கும்." 1968-இல் கல்யாணம், மாமாவும் நெசவாளி, பிள்ளையார்பாளையத்தில் குடித்தனம். அதற்கப்புறமும் கூலி நெசவுதான். கல்யாணத்துக்கு அத்தை கட்டியது நூல் சேலை. பட்டு எடுக்க வசதியில்லை.

நிலம் வீட்டில் இருந்தது. கிணற்றில் எண்ணெய் இன்ஜின் வந்தது, ஐ.ஆர். எட்டு நெல் வந்தது. வட ஆற்காட்டில் ஒரு விவசாயி அந்த நெல் கொடுத்த விளைச்சலில் மகனுக்கே 'ஐ.ஆர். எட்டு' என்று பேர் வைத்த காலம் அது. அப்புறம் கரண்ட் மோட்டார். அப்பாவும் சித்தப்பாவும் நன்றாகவே பாடுபட்டார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1994-இல் தாத்தா காலமானார். மறு வருஷம் அண்ணன் தம்பி இருவரும் ஊர்ப் பெரியவர்களை வைத்து வாய்ப்பேச்சில் ஆளுக்கு முக்கால் காணி பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் போடவில்லை. அத்தையை யாரும் கேட்கவில்லை, அத்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைய சட்டத்தில் சமபங்கு கிடைத்திருக்காது.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லணும், நிறைய சகோதரிகள் இதில் குழம்புகிறார்கள். 1929 பிப்ரவரியில் நம்ம செங்கல்பட்டில் பெரியார் நடத்திய முதல் சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சம சொத்துரிமை வேணும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்க கொள்ளுத்தாத்தா நிலம் வாங்கி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது அப்போது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் சமபங்கு கிடைத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குப் பிறப்பாலேயே இருந்த உரிமை மகளுக்கு இல்லை. நம்மிடம் இருப்பதெல்லாம் பூர்வீகம்தானே! தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அதிலும் மகளுக்குச் சமபங்கு என்று கலைஞர் ஆட்சியில் திருத்தம் வந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது வருஷம் கழித்து. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. அத்தை வெளியே நின்றார். 1992-இல் கல்யாணம் ஆன நான் உள்ளே வந்தேன். 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மகளுக்கு மகன் மாதிரியே உரிமை என்றது. அப்பா அந்தத் தேதிக்கு முன்பே இறந்திருந்தால் என்ன என்று பல வருஷம் வழக்கு ஓடியது. 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கலைக்க முடியாது. ஆனால் வாயால் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னால் மட்டும் போதாது, அதற்குப் பொதுவான ஆவணச் சான்று வேணும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இப்போது 2021-க்கு வாங்க. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகியதிலிருந்து காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏக்கர் பேச்சு போய்ச் சென்ட் பேச்சு ஆகிவிட்டது. நிலம் கேட்டு ஒருவர் வந்தார். அவருடைய வக்கீல் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, மகள்கள் கையெழுத்து இல்லாமல் வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார். எங்க அப்பா 2009-லேயே போய்விட்டார். சித்தப்பாவும் எங்க அண்ணனும் சேர்ந்து விடுதலைப் பத்திரம் தயார் செய்தார்கள். ஒரு பட்டுப் புடவை, வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு பிள்ளையார்பாளையம் போனார்கள். நானும் கூடப் போனேன்.

அத்தை புடவையை மடியில் வைத்துப் பிரித்தாங்க. கரையை விரலால் தடவி, உள்பக்கம் திருப்பி, கோர்வை சேர்கிற இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாங்க. "இது கோர்வை இல்லடா தம்பி, ஒரே நாடாவுல ஓட்டினது. எவ்வளவு குடுத்த?" என்றார். சித்தப்பா தொகையைச் சொன்னார். "ஏமாத்திட்டான்" என்று மடித்து வைத்துவிட்டார்.

அப்புறம்தான் பேச்சு ஆரம்பித்தது. "ஐம்பது வருஷமா வரி கட்டினது யாருக்கா? மோட்டார் போட்டது யாரு?" என்று சித்தப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அத்தை சத்தம் போடவில்லை. "நீ கட்டுன வரிக்கு ரசீது வச்சிருக்க. போக்கியத்த மீட்டதுக்கு எங்கிட்ட என்ன ரசீது இருக்கு?" என்றார். அப்போதுதான் நான் தாத்தாவின் நோட்டை எடுத்து அந்த இரண்டு வரியைப் படித்தேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்படி ஒரு வரி இருப்பதே அன்றைக்குத்தான் அவங்களுக்குத் தெரியும். "எம்பேரு போட்டிருக்காரா?" என்று கேட்டாங்க. போடவில்லை, தறி வகை என்றுதான் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. பணமாகப் பங்கு தருகிறோம் என்றார்கள், அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். "மடை ஓரத்து அம்பது குழிய எனக்கு வுட்டுருங்க. மத்தத நீங்க என்னமோ பண்ணிக்கங்க." ஒன்றரைக் காணியை மூன்றாகப் பிரித்தால் அவங்க பங்கு சரியாக ஐம்பது குழிதான். அதிகமாக ஒரு சென்ட் கேட்கவில்லை. ஆனால் தண்ணி பாய்கிற அந்தத் துண்டு போனால், வாங்க வந்தவருக்கு மிச்சம் வேண்டாம். விற்பனை நின்றது. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அத்தைக்குப் பத்திரிகை வரவில்லை. இரண்டு வருஷம் பேச்சு இல்லை. என்னையும் 'குழுவுக்குப் போயி சட்டம் பேசக் கத்துக்கிட்டவ' என்றார்கள். அது உண்மைதான், குழுவில்தான் கற்றுக்கொண்டேன். 1999-இல் மகளிர் திட்டத்தில் எங்க குழு ஆரம்பித்தபோது முதல் தீர்மான நோட்டில் இருபது பெண்கள் வரிசையாகப் பேர் எழுதிக் கையெழுத்தும் ரேகையும் வைத்தோம். எங்க ஊரில் ஒரே காகிதத்தில் அத்தனை பெண் பேரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

2023-இல் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தைதான் நான்கு நாள் கூட இருந்தாங்க. அதற்கப்புறம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். சர்வேயர் வந்து கல் நட்டு உட்பிரிவு செய்தார். அத்தை பேரில் தனிப்பட்டா, 66 சென்ட். மனு எழுதும்போது உடன் இருந்தவர் வழக்கப்படி கணவர் பேரைப் போட்டு 'மனைவி' என்று எழுதப் போனார். அத்தை தடுத்து, "எங்கப்பன் பேரப் போடுங்க, மகள்னு எழுதுங்க" என்றார். பட்டா அப்படித்தான் வந்திருக்கிறது.

எங்க அப்பாவின் பங்கில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் உரியதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அண்ணனும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்க வீட்டுக் கதையைத் தேட நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டா, சிட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம். அ-பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா ஆபீஸிலும் இருக்கும். வில்லங்கச் சான்று பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும், அங்கே இல்லாத பழையது வேணும் என்றால் சார்பதிவாளர் ஆபீஸில் மனுப் போட்டுத் தேடணும். ஆனால் காகிதத்தோடு நிறுத்தாதீங்க. எழுபது வயசுக்கு மேல் இருக்கிற பெண்களிடம் முதலில் உட்காருங்க. எந்த நகை எந்த நிலத்துக்குப் போனது, யார் கூலிக்குப் போய் எந்தக் கடன் அடைந்தது என்பதெல்லாம் அவங்களிடம்தான் இருக்கிறது. தேதி சரியாகச் சொல்ல மாட்டாங்க. எந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தது என்று கேட்டால் வருஷம் வந்துவிடும்.

அத்தை நிலத்தை இப்போது எங்க அண்ணன்தான் வாரத்துக்குப் பயிர் வைக்கிறார். போன நவரையில் அத்தை பங்குக்கு ஆறு மூட்டை நெல். ஒரு மூட்டையைப் புழுக்கி அரைத்து எங்க எல்லார் வீட்டுக்கும் ஆளுக்கு ஐந்து படி அரிசி அனுப்பியிருந்தாங்க, சித்தப்பா வீட்டுக்கும் சேர்த்து.